பூகோளம் சார் வயோலா கற்றுக்கொண்டது

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதிவிட்டு அதற்குப் பத்தொன்பது வருடம் கழித்துப் பலன் அனுபவித்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூகோளம் சார். நடத்திய பாடத்தால் வந்த பெயரா, சட்டைப் பொத்தான்களைச் சோதித்துக்கொண்டிருந்த வயிற்றால் வந்த பெயரா என்று அவருக்கே நிச்சயமில்லை. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டார்.

வேலைக்கு மனுப் போட்ட நாளில், 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் 'இசை' என்று எழுதியிருந்தார். காலையில் முகம் மழிக்கும்போது வானொலி கேட்பார். அவருக்கும் இசைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். கட்டத்தைக் காலியாக விட்டால் நன்றாக இருக்காதே என்று எழுதியது. எழுதியதையே மறந்தும் போனார்.

ஆனால் கோப்புகள் மறப்பதில்லை. அந்த வருடம் பள்ளி இசைக்குழுவை நடத்திவந்த இசை ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் இரண்டே வாரத்தில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். தலைமையாசிரியை பழைய கோப்புகளை எல்லாம் துழாவிவிட்டு இவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார், உங்க ஃபைல்ல இசைன்னு போட்டிருக்கீங்களே."

"அது கேக்கறதுதான் மேடம். வாசிக்கறது இல்ல."

"கேக்கத் தெரிஞ்சா போதும் சார். வாசிக்கப்போறது பிள்ளைங்கதானே? நீங்க முன்னாடி நின்னா சரி."

இப்படித்தான் இசைக்குழு அவர் தலையில் வந்து விழுந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உண்டு. இவரைத் தூக்கிக்கொண்டுபோய் நடு ஆற்றில் நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முப்பத்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வயலின். நாலு செல்லோ, இரண்டு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு டிரம்பெட், ஒரு முரசு. இசைக்குழுவை நடத்துகிறவர் வீசும் கோல் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாததால், உலக வரைபடத்தில் மலைத்தொடர்களைச் சுட்டிக்காட்டும் தன்னுடைய குச்சியையே கொண்டுபோயிருந்தார். கையை உயர்த்தினார், இறக்கினார். நாலு பேர் தொடங்கினார்கள். மற்றவர்கள், ஓடும் பேருந்தில் ஏறுகிறவர்களைப் போல, முடிந்தபோது முடிந்த இடத்தில் ஏறிக்கொண்டார்கள். அவர் கண்ணை மூடி உணர்ச்சியோடு குச்சியை வீசிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், முடிஞ்சிடுச்சு."

கண்ணைத் திறந்தார். டிரம்பெட்காரன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரக்கத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். மிகக் குறைவாகப் பேசுபவர். பேசினால் மாத்திரை மாதிரி, சின்னதாக இருந்தாலும் வேலை செய்யும்.

"மருந்துச் சீட்டு படிக்கத் தெரியாத ஒருத்தரை எங்க கடையில நிக்க வச்சா ஊர் என்னாகும்? நீங்க இப்ப அதைத்தான் செய்யறீங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"தெரியலன்னா போய்ப் படிங்க. நாப்பத்தேழு வயசுல படிக்கக்கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

மறுநாள் மனைவியே தொலைபேசி எண் ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டுவந்தார். மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் யாரோ அட்டை ஒட்டியிருந்தார்களாம். 'பள்ளி இசைக்குழு மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி. வயலின், வயோலா.' பூகோளம் சார் இரண்டு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் கூப்பிட்டார். எடுத்தது ஓர் இளம் பெண்ணின் குரல்.

"பையனுக்கா, பொண்ணுக்கா?"

"பையனுக்குத்தான்."

"ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவுல இருக்கானா?"

"இருக்கான். முன்னாடியே நிக்கறான்."

"என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

அந்தப் பக்கம் நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க சார். வாத்தியம் இருக்கா?" என்றார் அந்தப் பெண்.

வாத்தியம் இருந்தது. பள்ளி அலமாரியில் இரண்டு வயோலாக்கள் தூசி படிந்து கிடந்தன. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் தடித்தது. எல்லோருக்கும் வயலின்தான் வேண்டும் என்பதால் அவற்றை எடுக்க ஆளில்லை. ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டார்.

வயோலா ஆசிரியைக்கு இருபத்தாறு வயது இருக்கும். துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியில் குடியிருந்தார். படி குறுகல். வயோலாப் பெட்டியை முன்னால் விட்டால்தான் பூகோளம் சாரும் ஏற முடியும். அறையில் இரண்டு நாற்காலி, இசைத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. கீழே இயந்திரங்கள் சுழலும்போது தரை லேசாக அதிர்ந்தது. இவர் அவரை 'டீச்சர்' என்றார், அவர் இவரை 'சார்' என்றார். மூன்றாவது ஆள் யாராவது வந்திருந்தால் யாருக்கு யார் பாடம் நடத்துகிறார்கள் என்று குழம்பிப்போயிருப்பார்கள்.

ஆசிரியை வில்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, ஒரே ஒரு தந்தியில் இழுக்கச் சொன்னார். பூகோளம் சார் இழுத்தார். கதவுக் கீல் முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஆசிரியை சத்தத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"சார், மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"இல்ல. வில்லைத் தொட்டதிலேருந்து விடவே இல்ல. முகம் சிவந்துபோச்சு, கண்ணாடியில பாருங்க."

பார்த்தார். தக்காளி மாதிரி இருந்தது. மூச்சை உள்ளே இழுத்து, அதோடு சேர்த்து வில்லை நகர்த்தச் சொன்னார் ஆசிரியை. இரண்டாம் முறை கீல் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஆர்கெஸ்ட்ரா முன்னாடியும் இப்படித்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா?"

"தெரியலையே. ஏன்?"

"நீங்க மூச்சு எடுக்கறதைப் பாத்துத்தான் அவங்க தொடங்குவாங்க. நீங்க மூச்சே எடுக்கலன்னா எப்போ தொடங்கறதுன்னு பாவம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த புதன்கிழமை அவர் குச்சியை உயர்த்தினார். எல்லோருக்கும் தெரியும்படி மூச்சை உள்ளே இழுத்தார். கையை இறக்கினார். முப்பத்தாறு பேரில் ஏறத்தாழ முப்பது பேர் ஒன்றாகத் தொடங்கினார்கள். அந்த ஆச்சரியத்தில் அடுத்த அடியைக் காட்ட மறந்துவிட்டார். அதனால் ஒன்பதாம் நொடியில் எல்லாம் சரிந்தது. இருந்தாலும் அந்த எட்டு நொடிகளை வீட்டுக்குப் போய் மனைவிக்கு இரண்டு முறை விவரித்தார்.

ஒரு மாதம் கழித்து, சனிக்கிழமை பாடம் முடிந்து படியில் இறங்கும்போது எதிரே வயலின் பெட்டியோடு ஒரு மாணவி ஏறிவந்தாள். அவருடைய குழுவின் முதல் வயலின்காரி. முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அவர் தப்பாகக் கையசைக்கும்போதெல்லாம் மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பவள். வயோலாப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அந்தப் படியில் அதற்கு இடமில்லை.

"சார், நீங்களும் இங்கதானா?"

"ஆமாம்மா."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவருடைய இடதுகை விரல் நுனிகளைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"ரெண்டு மாசத்துல தோல் தடிச்சிடும். அக்கா உங்களுக்கும் சுண்டுவிரல் பயிற்சி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க. பாவம் பண்ணவங்களுக்குத்தான் அதைக் கொடுப்பாங்கன்னு நெனைச்சேன்."

அவள் சிரித்துவிட்டாள். அதற்கு முன் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் வாய் திறந்து பேசிக்கொள்ளாமலே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

அந்தப் படியில்தான் அவருக்கு இன்னொன்றும் விளங்கத் தொடங்கியது. முன் வரிசைப் பிள்ளைகள் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள், பின் வரிசைப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் வரும் என்று அவர் நினைத்திருந்தார். கேட்டு விசாரித்தபோது, முன்னால் இருந்த பத்துப் பேரும் எங்கேயாவது தனியாகக் கற்றுக்கொள்கிறவர்கள் என்று தெரிந்தது. மற்ற இருபத்தாறு பேரில் வில் பிடித்தவர்கள், அந்தப் பத்துப் பேரின் வில்லைப் பார்த்துத் தங்கள் வில்லை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாதம் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் வயோலாப் பெட்டியை ஒரு வாரம் திறக்கவே இல்லை. சனிக்கிழமை வெறுங்கையோடு போனவர்போல் போய் நின்றார். அன்று பார்த்து ஆசிரியை, "ரெண்டு பேரும் சேந்து வாசிப்போம் சார்" என்று தன் வாத்தியத்தை எடுத்தார். இரண்டு வரி போனதும் பூகோளம் சார் ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார். வில்லை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்தால் தந்தியில் படாது. ஆசிரியையின் சத்தம் இரண்டு பேருக்கும் போதும். அரைப் பக்கம் அப்படியே சொகுசாகப் போனது.

திடீரென்று ஆசிரியை நிறுத்தினார். அறையில் துணி இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பூகோளம் சாரின் கை இன்னும் அழகாக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது.

"சார், உங்க வயோலா எங்க போச்சு?"

"இங்கதான்... இருந்துச்சு."

"கும்பலோட கோவிந்தா போடணும்னா கும்பல் வேணும் சார். இங்க நாம ரெண்டே பேரு."

பூகோளம் சார் சிரித்த சிரிப்பில் ஸ்டாண்ட் சாய்ந்து தாள்கள் தரையில் பரவின. பொறுக்கி எடுத்த பிறகு ஆசிரியை கேட்டார், "சரி, எந்த இடத்துல வராதுன்னு பயந்தீங்க?" அவர் காட்டினார். ஒரே ஓர் இடம். நாலு சுரம். சுண்டுவிரல் போய்ச் சேர வேண்டிய இடம். "இந்த நாலுக்காகவா முழுப் பக்கத்தையும் விட்டீங்க?" என்று சொல்லி, மீதி நேரம் முழுவதும் அந்த நாலை மட்டும் வாசிக்க வைத்தார். கடைசியில் அது வந்தது. ஐந்து முறையில் மூன்று முறை வந்தது.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அடுத்த புதன்கிழமை பூகோளம் சார் குழுவின் முன் நின்றபோது கடைசி வரிசையில் ஒரு வில்லைக் கண்டார். மற்ற எல்லா வில்லோடும் சேர்ந்து போனது, சேர்ந்து வந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நடை அவருக்கு நன்றாகத் தெரிந்த நடை. போன சனிக்கிழமை அவரே நடந்து பார்த்த நடை.

அந்த வில்லுக்குச் சொந்தக்காரி ஒன்பதாம் வகுப்புப் பெண். நல்ல உயரம். தோழிகள் ஏணி என்று கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். மற்றவர்கள் போனதும் நாற்காலி அடுக்க உதவச் சொல்வதுபோல அவளை நிறுத்திவைத்தார்.

"உன் வயலினைக் கொஞ்சம் காட்டும்மா."

காட்டினாள். வில்லின் மயிரில் ஒரு பிசின் கட்டியைத் தேய்த்துத்தான் எல்லோரும் வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்கத் தந்திகளுக்கு அடியில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி படியும். இவளுடைய வயலின் கண்ணாடி மாதிரி இருந்தது.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கியே."

அவள் பெட்டியை மூடப் போனாள்.

"எப்போலேருந்து வாசிக்கறதில்ல?"

ஏணி தரையைப் பார்த்தாள். "போன வருஷத்துலேருந்து சார்."

"ஏன்மா?"

"வாசிச்சா தப்பா வருது. என்னால எல்லாருக்கும் கெட்டுப்போகுது. நான் சும்மா இருந்தா நல்லா இருக்கு."

பூகோளம் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன சனிக்கிழமை நானும் அதைத்தான் பண்ணேன். அரைப் பக்கம்."

அவள் நிமிர்ந்தாள். "மாட்டிக்கிட்டீங்களா?"

"உடனே. தனியா ஒருத்தர்கிட்ட போய் உக்காந்தா ஒளியறதுக்கு இடமே இல்ல. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, நாலே நாலு சுரம்தான் வரல. மத்ததெல்லாம் வருது."

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். வரைபட அறையை மதிய இடைவேளையில் தரவேண்டும் என்று கேட்டார். உலக உருண்டைகளும் சுருட்டிவைத்த வரைபடங்களும் அடைந்து கிடக்கும் சின்ன அறை அது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் இல்லையா? வெளியே தனியாகக் கற்காத பிள்ளைகளை ஒவ்வொருவராக அங்கே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு வயோலா ஆசிரியை இருக்கிறார் என்றார்.

"முப்பத்தாறு பேரையும் சேத்து வச்சுத்தானே இத்தனை வருஷமா கத்துக்கொடுத்தோம்? இப்ப எதுக்கு ஒத்தை ஒத்தையா?"

"மேடம், என் வகுப்புல நாப்பது பேரு. புரிஞ்சுதான்னு கேட்டா நாப்பது பேரும் தலையாட்டுவாங்க. ஒருத்தனைத் தனியா கூப்பிட்டு வடக்கு எந்தப் பக்கம்னு கேட்டாத்தான், அவன் நாலு மாசமா வரைபடத்தைத் தலைகீழா வச்சிருந்தது தெரியும்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

வேறு வழியில்லாமல் சொன்னார். மாடி, சலவைக்கடை, சுண்டுவிரல், எல்லாம். தலைமையாசிரியை கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு பெற்றோர் சங்கத்திடம் தானே பேசி, செவ்வாயும் வியாழனும் ஏற்பாடு செய்துகொடுத்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக ஏணி உள்ளே போனாள். அவள் கேட்டுக்கொண்டதால் பூகோளம் சாரும் ஓர் உலக உருண்டையைத் துடைக்கிற பாவனையில் மூலையில் நின்றார். ஆசிரியை ஒரே ஒரு சுரம் வாசிக்கச் சொன்னார். அதைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, வயலினை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தார்.

"இது யாரோட வயலின்மா?"

"ஸ்கூல்து. ஆறாவதுல கொடுத்தாங்க."

"அதுக்கப்புறம் யாரும் மாத்திக் கொடுக்கலையா? இது சின்னப் பிள்ளைங்க வாசிக்கற முக்கால் அளவு. உன் விரல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. இதுல சரியான இடத்துல விரல் வைக்க என்னாலயே முடியாது."

ஏணி புரியாமல் பார்த்தாள். "அப்ப எனக்குக் காது சரியில்லன்னு..."

"யாரு சொன்னா? காது சரியில்லன்னா தப்பு கேட்டிருக்காது. நீயும் ஜாலியா சத்தம் போட்டுக்கிட்டு இருந்திருப்பே. உன் காது ரொம்ப நல்லா இருக்கு. அதான் நீ வாசிக்கறதை நிறுத்திட்டே."

ஏணி வயலினை மெதுவாக மேசைமேல் வைத்தாள். பிறகு தன் நீண்ட விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். மூலையில் பூகோளம் சார் உருண்டையைத் துடைப்பதை நிறுத்தினார். பத்தொன்பது வருடமாக நகரத்துக்கும் நகரத்துக்கும் தூரம் அளக்கச் சொல்லிக்கொடுத்த ஆள். கண்ணெதிரே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் கையை அளக்கத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அந்த உயரத்துக்கும் விரலுக்கும் வயோலாவே பொருத்தம் என்றார் ஆசிரியை. அலமாரியில் மிச்சமிருந்த இன்னொரு வயோலா வெளியே வந்தது. வயோலாவின் இசைத்தாளைப் படிக்கும் முறை வேறு. பழகிய கோட்டில் பழகாத சுரம் இருக்கும். அதில் பூகோளம் சார் அவளைவிட மூன்று மாதம் மூத்தவர். அந்தப் பெருமை சரியாகப் பதினெட்டு நாள் நீடித்தது. அதற்குள் அவள் தாண்டிப் போய்விட்டாள்.

வரைபட அறையில் அந்தப் பருவம் முழுவதும் இப்படி ஏதாவது ஒன்று அகப்பட்டுக்கொண்டே இருந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கிய ஒரு வயலின் பையனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் சுறுசுறுப்பாகிவிட்டான். புல்லாங்குழல்காரி எங்கே மூச்சு எடுப்பது என்று யாரும் சொல்லாததால் மயக்கம் வரும்வரை ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். சில பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் ஒருவர் தன்னை மட்டும் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வருடக் கடைசியில் கச்சேரி. பூகோளம் சாரின் மனைவி மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது உருப்படியின் நடுவில் டிரம்பெட்காரன் ஆர்வக் கோளாறில் முன்னாலேயே புகுந்துவிட்டான். ஆறு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அதோடு கூரையே இறங்கியிருக்கும். இப்போது பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனார்கள். பூகோளம் சார் பெரிதாக ஒரு மூச்சு இழுத்துக் கையைக் காட்ட, டிரம்பெட்காரனும் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்துகொண்டான். குச்சி நின்ற இடத்திலேயே பாட்டும் நின்றது.

வீட்டுக்கு நடந்து போகும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று மனைவியைக் கேட்டார்.

"ரெண்டாவது கொஞ்சம் நீளம்."

"அவ்வளவுதானா?"

"கடைசி வரிசையில அந்த உயரமான பொண்ணு வாசிக்கும்போது எனக்குப் பக்கத்துல இருந்த அம்மா அழுதாங்க. அவங்க பொண்ணு போலிருக்கு. நான்தான் கைக்குட்டை கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரல."

அடுத்த பருவத்தில் இசை ஆசிரியை குழந்தை பெற்றுத் திரும்பி வந்தார். பூகோளம் சார் மகிழ்ச்சியோடு பொறுப்பை ஒப்படைத்தார். ஆனால் புதன்கிழமை வந்ததும் கால் வீட்டுக்குப் போக மறுத்தது. கூடத்து வாசலில் நின்று தயங்கி, "மேடம், கடைசியில ஒரு நாற்காலி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். இசை ஆசிரியை அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு ஏணிக்குப் பக்கத்தைக் காட்டினார். இருவருக்கும் ஒரே ஸ்டாண்ட். பக்கம் திருப்புவது இளையவர் வேலை என்று முதல் வயலின்காரி விதி சொன்னாள். கற்றதில் இளையவர் பூகோளம் சார்தான் என்று ஏணி தீர்ப்புச் சொன்னாள். அவர் திருப்பினார்.

பாதியில் இசை ஆசிரியை கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பின்னால் பார்த்தார்.

"வயோலா ரெண்டு பேரும் கொஞ்சம் அடக்கி வாசிங்க. வயலினே கேக்கமாட்டேங்குது."

அந்தப் பள்ளியில் வயோலாவைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. பூகோளம் சார் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஏணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாளில் அந்த இடத்துக்கு மேல் 'மெதுவா' என்று பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்.